மற்றவை

ஈல்வா லண்டிலிருந்து வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம்
நேரம் சொல்வதை இரண்டாம் வேலையாக வைத்திருக்கிறது.
முதல் வேலை,
அம்மா இன்றிரவு எப்படித் தூங்குவாள் என்று
சாயங்காலமே சொல்லிவிடுவது.

எத்தனை கோப்பை காபி, கடைசிக் கோப்பை எத்தனை மணிக்கு,
படியேறினாளா, பனி தள்ளினாளா,
ராச்சாப்பாடு கலைமான் இறைச்சியா வெறும் ரொட்டியா,
திரை பார்த்த நிமிடங்கள், யாரோடாவது சண்டையா
(ஆம், இல்லை, சொல்ல விரும்பவில்லை).
எல்லாம் கேட்டுக்கொண்டு
ஓர் எண்ணைத் தரும்: அறுபத்தொன்று.

பிறந்த நேரம் கேட்காத ஜோசியம்.
கோள் இல்லை, கட்டம் மட்டும் உண்டு.
அறுபத்தொன்று வந்த நாளில்
ஏழு மணிக்கே ஹில்மாவுக்கு அலுப்புத் தட்டிவிடும்,
இன்னும் வராத இரவின் அலுப்பு.

கிரூனாவில் ஜனவரி.
பகல் என்பது பதினொரு மணிக்கு வந்து
மேல்கோட்டைக் கழற்றாமலே கிளம்பிவிடும் விருந்தாளி.
விடியாத ஐந்தரைக்குப் பள்ளிப் பேருந்தின்
எஞ்சினைச் சூடேற்ற வேண்டும் அவள்.
தூக்கம் அவளுக்குச் சொகுசு அல்ல;
பனி வழுக்கும் வளைவில் பத்தொன்பது பிள்ளைகள்.

ஆகவே கேட்டாள். சொன்னதையெல்லாம் கேட்டாள்.
பாலாடைக்கட்டி ஊறும் நாலாவது காபியை விட்டாள்.
குடிக்காதவள் எதிரே குடிக்க மாட்டாமல்
யொர்மாவும் கோப்பையைக் கவிழ்த்துவைத்தான்.
எண் ஏறியது. அறுபத்தாறு. எழுபது.
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"ஒவ்வோர் இரவும் ஒன்று இருபதுக்கு விழிக்கிறீர்கள்.
காரணம் கண்டறிய முடியவில்லை.
உணவில் உப்பைக் குறைத்துப் பாருங்கள்."

உப்பு!

ஒன்று இருபதுக்கு
ஊருக்கு அடியில் மலையைப் பிளக்கிறார்கள்.
கட்டில் ஒரு விரற்கடை நகர்ந்து திரும்பும்.
அலமாரிக் கோப்பைகள்
'கேட்டதா' என்று ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.
ஹில்மா கண்திறப்பாள், அரை நிமிடம்.

யொர்மா அங்கே, வெகு ஆழத்தில்,
பாறைத் துளைகளில் வெடிமருந்து நிரப்புகிறவன்.
எல்லோரும் மேலேறி, தலையெண்ணி,
கணக்குச் சரியான பிறகே வெடி.
ஊரை எழுப்பும் சத்தம்
அவளுக்கு மட்டும் ரசீது.
மின்தூக்கி அவனைத் தூக்கிவந்தாயிற்று,
இனிமேல்தான் தூக்கம்.

ஜூலையில் சுரங்கத்தை ஒரு வாரம் அடைத்தார்கள்.
பக்கத்திலேயே யொர்மா, குறட்டையும் அவனுமாக.
கறுப்புத் திரைச்சீலையின் விளிம்பில்
அணையாத வெயில் ஒரு கோடு.
கடிகாரம் எண்பத்தெட்டு என்றிருந்தது.
ஒன்று இருபது வந்தது.
ஒன்றும் வரவில்லை.
இரண்டு. இரண்டரை.
அவன் தோளில்தான் அவள் கை.
புத்திக்குத் தெரிந்தது
காதுக்குத் தெரியவில்லை.
எழுப்பிவிடக் கூடாதென்று விரல்கூட அசைக்காமல்
விடியும்வரை கிடந்தாள்,
விடிவதற்கு அங்கே என்ன இருக்கிறது.

காலையில் மணிக்கட்டு துடித்தது:
"தொண்ணூற்றிரண்டு! மிக ஆழ்ந்த உறக்கம்.
நேற்றுச் செய்ததையே தொடர்ந்து செய்யுங்கள்."

அன்று நாலாவது காபியைக் குடித்தாள்.
ஐந்தாவதையும்.

கேள்விகளின் அடியில் ஒரு காலிக் கட்டம், 'மற்றவை' என்று.
அதுவரை தொட்டதில்லை.
ஆகஸ்டில் வெடி திரும்ப வந்த இரவு
ஒற்றைக் கண்ணைத் திறந்து அதில் எழுதினாள்,
தன் வீட்டு மொழியில், ஒரே சொல்:
வந்துவிட்டான்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.

உணவா, மருந்தா, உடற்பயிற்சியா?
மூன்று வாரம் யோசித்தது கடிகாரம்.
பிறகு தெரிவித்தது:
"வந்துவிட்டான் என்ற பழக்கம் முடிந்த
நான்காம் நிமிடத்தில் ஆழ்ந்து உறங்குகிறீர்கள்.
மேலும் நல்ல பலனுக்கு
இதை இரவு ஒன்பது மணிக்குள் முடித்துவிடவும்."

காலணி கழற்றிக்கொண்டிருந்த யொர்மாவிடம் நீட்டினாள்.
ஒரு கால் காலணியோடு, இருமுறை படித்தான்.
"போர்மேனிடம் காட்டட்டுமா?" என்றான்.